கோவையிலிருந்து நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் போட்டுத் தருவது என் தொழில். தூரம், நேரம் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூர்: ஏனுங்க, பையனைப் பார்க்க நியூயார்க் போறமுங்க. கூகுள்ல 13,500 கிலோமீட்டர், பதினாறு மணி நேரம்னு காட்டுது. டிக்கெட்ல 24 மணி நேரம் போட்டிருக்குதே?

ரெண்டும் சரிதானுங்க. 13,500 என்பது கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே பூமி உருண்டை மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. அதை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பதினாறு மணி வரும். அப்படி நேராகப் போகும் விமானம் நமக்குக் கிடையாது. டெல்லி வழியாகப் போனால் முதலில் சுமார் 1,950, பிறகு 11,750, மொத்தம் 13,700. சுற்றிப் போவது வெறும் 200 கிலோமீட்டர்! ஆக, நேரத்தைத் தின்பது தூரமில்லை, நடுவில் உட்கார்ந்திருப்பதுதான். அதற்காகக் காத்திருப்பைக் குறைத்து, ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் போடச் சொல்லாதீங்க. டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டம் விமானங்களைத் தாமதமாக்கும். ஒரே டிக்கெட்டாக, நாலு மணி நேரமாவது இடைவெளி விட்டுப் போடுங்க. வயசான அப்பா அம்மா போகிற பயணத்தில் இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஈரோடு: அமெரிக்கா மேற்கே இருக்குது. டெல்லி வடக்கே. அதெப்படிங்க சுத்து இல்லாமப் போகும்?

வீட்டில் பிள்ளைகளின் பூமி உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக் கோவையில் ஒரு முனை, நியூயார்க்கில் மறுமுனை வைத்து இறுக்கிப் பிடிங்க. நூல் அரபிக்கடலைக் குறுக்கே தாண்டி நேர் மேற்கே போகாது, வடக்கே கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து ஏறி, ஐரோப்பாவின் வடகோடி, ஐஸ்லாந்துப் பக்கமாக அந்தப்புறம் இறங்கும். டெல்லி அந்த வழியை விட்டு ரொம்ப விலகி இல்லை. தட்டையான வரைபடம்தான் நம்மை ஏமாற்றுகிறது. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்குப் பெண் விமானிகளே ஓட்டி வந்த ஏர் இந்தியா விமானம் வடதுருவத்தின் மேலாகத்தான் வந்தது. கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர்.

பொள்ளாச்சி: திரும்பி வரும்போது மட்டும் நேரம் குறையுதுங்களே?

காற்றுங்க. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் ஓடுகிறது. வரும்போது அது பின்னாலிருந்து தள்ளும். டெல்லி–நியூயார்க் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வித்தியாசம் வரும். வான்வெளி மூடினாலும் நேரம் கூடும்: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியதும் மேற்கே போகிறவை சுற்ற வேண்டி வந்தது.

கரூர்: ஜனவரியில பிராங்பர்ட் ஜவுளிக் கண்காட்சிக்குப் போறேன். சென்னையில ராத்திரி 2 மணிக்கு ஏறி, காலைல 8க்கு இறங்குறதாப் போட்டிருக்கு. ஆறே மணி நேரமா?

இல்லைங்க, பத்தரை. இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி பின்னால்.

கோபி: சிங்கப்பூருக்குங்க?

சுமார் 3,150 கிலோமீட்டர், நாலரை மணி நேரம், கோவையிலிருந்தே நேராக. அங்கே கடிகாரம் ரெண்டரை மணி முன்னால். ராத்திரி 11க்கு ஏறினால் அவர்களுக்கு விடிகாலை 6.