பயத்துக்கு ஐந்து தட்டு

அன்புள்ள ஐயா,

எனக்கு 22 வயது. நானே எழுதி, மெட்டுப் போட்டு, என் அறையிலேயே பதிவு செய்த எட்டுப் பாடல்களை அனுப்பியிருக்கிறேன். நியூ வேவ் என்ற துள்ளலான சின்தசைசர் இசையும், கனவு மயக்கம் போல ஒலிக்கும் சைக்கடெலிக் பாப்பும் கலந்தவை. எல்லாமே பேய், ஆளில்லாத வீடு, தூக்கத்தில் நடப்பவர்கள் என்று போகும். கேட்ட நண்பர்கள், ‘ஆடத் தோன்றுகிறது, பயமே வரவில்லை’ என்கிறார்கள். அலறல், இடி, கதவு கிறீச்சிடும் ஒலி எல்லாம் இன்னும் சேர்க்கவா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு இரவுகள் எட்டையும் கேட்டேன். எதையும் சேர்க்காதீர்கள். இருக்கிற அலறலையும் எடுத்துவிடுங்கள்.

அமெரிக்க இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் 1978-ல் ‘ஹாலோவீன்’ என்ற திகில் படத்தை எடுத்து முடித்து, இசை இல்லாமல் ஸ்டூடியோ அதிகாரி ஒருவருக்குப் போட்டுக் காட்டினார். அவருக்குத் துளியும் பயம் வரவில்லை. அப்புறம் கார்ப்பென்டர் தானே உட்கார்ந்து இசையமைத்தார். பியானோவில் ஓடும் அந்த மெட்டு, ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டு என்ற தாளக் கணக்கு. சிறுவயதில் அப்பா பாங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்தது. நாலுக்குப் பழகிய உடம்பு நாலாவது தட்டோடு சுற்று முடிந்தது என்று நினைக்கும்; இன்னும் ஒன்று பாக்கி இருக்கும். அந்த ஒன்றில்தான் பயம் இருக்கிறது.

உங்கள் ஐந்தாவது பாட்டில் பல்லவி திரும்பும் இடத்தில் ஒரு தட்டு குறைகிறது. தெரிந்து செய்தீர்களா, வெட்டி ஒட்டும்போது விட்டுப்போனதா? எப்படியானாலும் தொடாதீர்கள். எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான்.

பொறுமையும் வேண்டும். 1979-ல் வந்த பௌஹாஸ் குழுவின் முதல் பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். குரல் வருவதற்கே இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை ட்ரம்ஸ், கீழே இறங்கும் பேஸ், எதிரொலியில் கரையும் கிட்டார், அவ்வளவுதான். நீங்கள் பத்தாவது விநாடியிலேயே பேயைக் கூப்பிட்டுவிடுகிறீர்கள்.

ராக்கி எரிக்சனைக் கேட்டிருக்கிறீர்களா? டெக்சாஸ்காரர். 1966-ல் தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவோடு சைக்கடெலிக் இசையின் முன்வரிசையில் நின்றவர். கஞ்சா வழக்கில் சிக்கி, மனநலக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார். வெளியே வந்தபின் பிசாசுகளையும் நடைப்பிணங்களையும் பற்றி நிறையப் பாடினார். பழைய படங்களில் பார்த்த பேய்கள்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால், அவர் வேறெதையோ பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்துவிடும். எனக்கு அவர் பாட்டைக் கேட்டு அழுகை வந்திருக்கிறது.

அந்தக் குரல் உங்களிடம் ஏழாவது பாட்டில் இருக்கிறது. அதில் பேயே இல்லை. அப்பா கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார், மறுபடி வருகிறார். படுத்தபடி பையன் எண்ணிக்கொண்டிருக்கிறான். மேலே குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு சின்தசைசர் மெட்டு. என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தபோதே அந்தப் பூட்டுச் சத்தம் உள்ளே இறங்கியது. நண்பர்கள் ஆடட்டும், அதை மாற்றிவிடாதீர்கள்.

அதை முதல் பாட்டாக வையுங்கள். முடிவில் வரும் இடியை மட்டும் எடுத்துவிட்டு எனக்கு மறுபடி அனுப்புங்கள்.