எங்கள் கணித சேருக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேர் காலமாகி இரண்டு மாதமாகிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே பாடசாலையில் இருந்தவர். 1995 இடப்பெயர்வின்போது சாவகச்சேரிப் பக்கம் ஒரு மாமரத்தடியில், கொம்பாஸ் இல்லாத எங்களுக்கு நூலைப் பென்சிலில் கட்டி வட்டம் கீறப் பழக்கினவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டார் சின்னதாக ஒரு கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடித்தார்கள். இப்போது கனடா, லண்டன் நண்பர்கள் காசு தருவதாகச் சொல்ல, பாடசாலை வாசலில் சிலை வைக்க வேண்டும் என்று ஒரு பகுதியும், பெரிய நினைவு மலர் (கட்டுரைத் தொகுப்பு) போட வேண்டும் என்று இன்னொரு பகுதியுமாக வாட்ஸப் குழுவில் ஒரே சண்டை. சேரின் மனைவியிடம் இன்னும் யாரும் பேசவில்லை. என்ன செய்யலாம்?
— பழைய மாணவர் ஒருவர், கொக்குவில்

பதில்: அந்த மாமரத்தடியில் சேர் செய்ததை முழுதாக எழுதி வைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே எழுதுங்கள். மரம் யாருடைய வளவில் நின்றது, கரும்பலகை எங்கிருந்து வந்தது, நூலை எந்த விரலால் அமத்திப் பிடிக்கச் சொன்னார், அதே நூலால் கோணத்தை இருசமமாகப் பிரிக்கவும் காட்டினாரா? 1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாண நகரும் சுற்றூர்களும் சேர்ந்த வலிகாமமே வெளிக்கிட்டு, சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிக்குப் போனது. அந்த மாதங்களிலும் பிள்ளைகள் கேத்திரகணிதம் படித்தார்கள் என்பதும், அதை ஒரு மனிதர் எப்படிச் சாத்தியமாக்கினார் என்பதும் எந்தக் கோப்பிலும் இருக்காது. உங்கள் வகுப்பாரின் நினைவில்தான் இருக்கிறது.

அதனால் நான் மலரின் பக்கம். சிலைக்குப் பாடசாலையின் அனுமதி வேண்டும், பிறகு பராமரிப்பும் வேண்டும். எல்லாம் முடிந்தாலும், அவரிடம் படிக்காத பிள்ளைக்கு அந்த முகம் ஒன்றும் சொல்லாது. மலர் சொல்லும். உங்கள் ஊர்க் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த ஹன்டி பேரின்பநாயகம் 1977இல் மறைந்த பின் அவர் நினைவாக வந்த தொகுப்பைத்தான், அவர் முன்னின்று நடத்திய இளைஞர் இயக்கமான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் வரலாறு தேடுபவர்கள் இன்றைக்கும் கையில் எடுக்கிறார்கள்.

ஆனால் எப்படிப்பட்ட மலர்? நம் ஊரில் மலர் என்றால் பாதிப் பக்கம் பிரமுகர்களின் செய்திக்கே போய்விடும். 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்று எழுதியிருப்பார்கள். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எழுதித் தருபவர்களிடம் "சேர் நல்லவர் என்று எழுத வேண்டாம், அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள்" என்று கேளுங்கள். எழுத வராதவர்கள் வாட்ஸப்பில் பேசி அனுப்பட்டும், ஒருவர் கேட்டு எழுதலாம். அவரிடம் முதலில் படித்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும், அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று, இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டொக்டர், எஞ்சினியர் ஆனவர்களின் கட்டுரைகள் தாமாகவே வந்து சேரும். கணிதத்தில் தவறி, தோட்டம் செய்பவர், ஓட்டோ ஓடுபவர், கடை வைத்திருப்பவர் என்று எத்தனையோ பேர் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு யார் படிப்பித்தாலும் கணக்கு வரும். வராத பிள்ளையிடம் அந்த மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான். இவர்கள் இல்லாமல் மலர் போடுவதென்றால் போடவே வேண்டாம் என்பேன்.

அவசரமும் வேண்டாம், ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு வந்தால் போதும். அச்சடித்ததும் பாடசாலைக்கும் யாழ். பொது நூலகத்துக்கும் பிரதிகள் கொடுங்கள். 2005 முதல் நம் நூல்களையும் மலர்களையும் இணையத்தில் ஏற்றி எல்லோருக்கும் இலவசமாக வைத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒன்று கொடுங்கள். 1981இல் அந்தப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக் கொடுத்த ஊர் இது. ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க நமக்கு முடியாது.

வெளிநாட்டுக் காசில் மிஞ்சுவதை நிலையான வைப்பில் போட்டு ஞாபகார்த்தப் பரிசு ஒன்று வைக்கலாம். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே பரிசுகள் உண்டு. சாதாரண தரக் கணிதத்தில் ஒருமுறை தவறி மறுமுறை சித்தியடைந்த பிள்ளைக்குக் கொடுங்கள். தொகையை இத்தனை ரூபா என்று எழுதிவிடாதீர்கள், வட்டி வீதம் ஏறி இறங்கும். 'அந்த ஆண்டின் வட்டி' என்று எழுதினால் போதும்.

இதெல்லாவற்றுக்கும் முதல் சேரின் மனைவியிடம் போங்கள். கூட்டமாகப் போகாமல், அந்த வீட்டில் பழகிய இரண்டு பேர் போனால் சரி. மலர் போடலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் கொஞ்சக்காலம் பொறுத்திருங்கள். சம்மதித்தால், சேரின் பழைய பாடக்குறிப்புக் கொப்பிகள் இருக்கின்றனவா என்று கேட்டு, வெளியே கொண்டுபோகாமல் அங்கேயே இருந்து படமெடுங்கள். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதை அவரே சொல்லட்டும். முழு மலரையும் அவர் வாசித்துச் சரி சொன்ன பிறகே அச்சகத்துக்குக் கொடுங்கள்.