இழப்பீட்டுப் பேரேடு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு இழப்பீடு தரப்பட வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஆய்வுகளைச் சென்ற வாரம் பாராட்டி எழுதியிருந்தீர்கள். மக்கள் வரிப்பணம் பெறும் பல்கலைக்கழகம் ஒரு தரப்புக்கு வக்கீலாகலாமா? 190 ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன ஒன்றுக்கு இன்று இருப்பவர்கள் ஏன் பணம் தர வேண்டும்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இழப்பீட்டை மறுக்கவில்லை. 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. ஆனால் அந்தப் பணம் முழுவதும் 'சொத்தை' இழந்த உடைமையாளர்களுக்கே போனது. ஏறக்குறைய 8 லட்சம் அடிமைகளுக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை என்பதோடு, அவர்களில் பெரும்பாலோர் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானர்களிடம் கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. உடைமையாளர்களுக்குத் தந்த அந்த இழப்பீட்டுக்காக 1835இல் அரசு வாங்கிய கடன், பிற்காலக் கடன்பத்திரங்களோடு கலந்து, 2015இல்தான் முழுமையாக அடைந்தது. 2018இல் பிரிட்டிஷ் நிதித்துறையே இதைப் பெருமையாக அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த அடிமைகள் உழைத்த கரீபியனிலிருந்து வந்து லண்டனில் பேருந்து ஓட்டியவர்களின் வரியும் அந்தக் கடனுக்குள் போயிருக்கிறது. முடிந்துபோன கணக்கு என்று இதை எப்படிச் சொல்வது?

அந்த இழப்பீட்டு ஆவணங்களைத்தான், 2009 முதல், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வரலாற்றாசிரியர் கேத்தரின் ஹால் தலைமையிலான குழு ஒவ்வொன்றாகப் படித்து, எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. மொத்தம் சுமார் 46,000 கோரிக்கைகள். அன்றைய மதிப்பீட்டுப் படிவத்தில் மேஸ்திரிகள், கைவினைஞர், வயல் வேலையாட்கள், வீட்டு வேலையாட்கள் என்று வகைகள் வரிசையாக வரும். கடைசியில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், முதியோர், நோயாளிகள், 'பயன்படாதோர்' என்போரும். அவர்களுக்கும் விலை உண்டு. எல்லா வகையும் சேர்த்து, தென் அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த கயானாவில் தலைக்குச் சராசரி 50 பவுண்டுக்கு மேல், ஜமைக்காவில் ஏறத்தாழ 20.

பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் தன்னிடமிருந்த 2,508 அடிமைகளுக்காக 1,06,000 பவுண்டுக்கு மேல் பெற்றார். இதே மனிதர்தான் 1836இல் கல்கத்தா வணிக நிறுவனம் ஒன்றுக்குக் கூலியாட்கள் கேட்டுக் கடிதம் எழுதினார்; 1838இல் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள் கயானாவில் இறங்கினார்கள், பிறகு மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. அவருடைய வழித்தோன்றல்கள் 2023இல் கயானாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. அரசு எழுதி, அரசு ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கும் பேரேட்டை அரசுப் பணத்தில் படிப்பது எப்படி வக்கீல் வேலையாகும்? அதைப் படித்தவர் ஒரு முடிவுக்கு வந்தால், அது கணக்கு காட்டும் முடிவு. யார் யாருக்கு எவ்வளவு தருவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அரசியல்தான். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அடிமைச் செல்வத்திலிருந்து தான் பெற்ற நன்கொடைகளைத் தானே ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட அறிக்கை, இன்றைய மதிப்பில் 1.67 கோடி முதல் 19.8 கோடி பவுண்டு வரை என்றது. பழைய பணத்தை விலைவாசியைக் கொண்டு மாற்றினால் ஒரு தொகை, பொருளாதாரத்தின் அளவைக் கொண்டு மாற்றினால் வேறொரு தொகை. வக்கீலாக இருந்தால் பெரிய எண்ணை மட்டும் சொல்லியிருப்பார்கள். எனக்குள்ள குறை வேறு: மறு ஆண்டு கிளாஸ்கோ, கரீபியனில் உள்ள மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்துடன் செய்த 20 ஆண்டு, 2 கோடி பவுண்டு ஒப்பந்தம் பெரும்பாலும் கூட்டு ஆய்வுக்கானது. பல்கலைக்கழகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் பணத்தை இழப்பீடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வழித்தோன்றல் யார் என்று கண்டறிவதும் எளிதல்ல. இழப்பீட்டுப் பேரேட்டில் உடைமையாளரின் முழுப்பெயர் இருக்கிறது. அடிமைகளுக்கு எண்ணிக்கை மட்டுமே. அவர்களின் பெயரை அதற்கு முந்தைய அடிமைப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும், அங்கும் பெரும்பாலும் ஒற்றைப் பெயர், ஒரு வயது, ஒரு நிறக்குறிப்பு. லண்டன் குழுவினர் அந்தப் பக்கமும் கவனத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.