வளவுக்குள் விழும் வெயில்

கைவேலை கேள்வி–பதில்: கண்ணாடிப் பெட்டிச் சிற்றுருக்களும் பலகை விளையாட்டுகளும்

எங்கள் வீட்டு வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தை, ஷேடோ பாக்ஸாக (கண்ணாடி முகப்பு வைத்த ஆழமான காட்சிப் பெட்டியாக) செய்தேன். நிலை, தூண், தளம் எல்லாம் அளவு பார்த்து வெட்டியும், பெட்டிக்குள் ஆழமே தெரியவில்லை. அட்டையை அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, காரைக்குடி

மூன்று இடத்தில் தப்பு நடந்திருக்கலாம். எல்லா அடுக்கையும் ஒரே அளவில் வெட்டியிருப்பீர்கள், அடுக்குகளுக்கு இடையே சம தூரம் விட்டிருப்பீர்கள், விளக்கை முன்பக்கம் வைத்திருப்பீர்கள். இதில் கடைசித் தப்புதான் பெரியது. முகப்பிலிருந்து நிலை வழியாக உள்ளே பார்த்தால் முதலில் நிழல், நடு முற்றத்தில் வெயில், அதற்கு அப்பால் மறுபடியும் நிழல். இந்த மூன்று பட்டையும் பெட்டிக்குள் வந்தால் மரவேலை சுமாராக இருந்தாலும் வீடு தெரியும். வராவிட்டால் பர்மா தேக்கில் செய்தாலும் அட்டைதான்.

உள்ளளவு 12 அங்குல அகலம், 9 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டு ஆழத்தைக் கணக்கிடுவோம். கண்ணாடி 3 மி.மீ., அதன்பின் 6 மி.மீ. இடைவெளி. 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் நான்கு அடுக்கு, ஆக 12 மி.மீ. முகப்பு நிலைக்கும் முன்வரிசைத் தூணுக்கும் நடுவே 12, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே 30, பின்வரிசைக்கும், முற்றத்துக்கு அப்பாலுள்ள இரண்டாம் கட்டு நிலைக்கும் நடுவே 12. கடைசி அடுக்குக்குப் பின்னால் 12, முதுகுப் பலகை 3. மொத்தம் 90 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலம். அந்த 30 மி.மீ. தான் முற்றம். அதைக் குறைத்தால் வளவு நடைபாதையாகிவிடும்.

அரை அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் பத்தடித் தூண் ஐந்து அங்குலம் வரும். முன்வரிசைக்கு 5 அங்குலம், பின்வரிசைக்கு நாலேகால் போதும். தூணின் கனம் முன்னால் 8 மி.மீ., பின்னால் 6. கணக்குப்படி ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும், ஆனால் அந்த அளவுக் குச்சி எளிதில் கிடைக்காது. ஆறே போடுங்கள், கண் ஏற்றுக்கொள்ளும். கடைசல் பட்டறையில் சொன்னால் அடியும் தலையும் வைத்துக் கடைந்து தருவார்கள்.

தளத்தைக் கிடைமட்டமாக ஒட்டாமல் பின்பக்கம் 5 மி.மீ. தூக்கி ஒட்டுங்கள். எட்டு அங்குல ஆத்தங்குடிக் கல் இந்த அளவில் எட்டரை மி.மீ. கட்டமாக வரும். அதை நேர்க்கட்டமாக அச்சிட்டால் தளம் செங்குத்தாக நிற்பது போலத் தெரியும். பின்னே போகப்போகக் கட்டம் சுருங்க வேண்டும், நீளவாட்டுக் கோடுகள் எல்லாம் இரண்டாம் கட்டு நிலையின் நடுவில் போய்ச் சேர வேண்டும். அச்சு லேசர் பிரிண்டராக இருக்கட்டும். இங்க்ஜெட் மை வெள்ளைப் பசையின் ஈரம் பட்டதும் கசியும், சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

இனி விளக்கு. 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையில் மீட்டருக்கு 60 விளக்கு இருக்கும் வகையை வாங்குங்கள். மூன்று விளக்குக்கு ஒருமுறை, 5 செ.மீ. இடைவெளியில் செம்புப் புள்ளிகளோடு வெட்டுக்குறி இருக்கும். அங்கேதான் வெட்ட வேண்டும், நடுவில் வெட்டினால் அந்த மூன்றும் எரியாது. 25 செ.மீ. துண்டு ஒன்றை முன்வரிசைத் தூண்களின் தாழ்வாரத்துக்குப் பின்னால் மறைத்து, முற்றத்தைப் பார்த்து ஒட்டுங்கள். நிறம் பகல் வெள்ளை. கடையில் மஞ்சளைக் காட்டி ‘அதுதான் ரிச்சாக இருக்கும்’ என்பார்கள். வெயில் மஞ்சளாக இருந்தால் வளவு ஓட்டல் வரவேற்பறை மாதிரி ஆகிவிடும். பட்டைக்கு முன்னால் ஒரு மடிப்பு பட்டர் பேப்பர் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியாது. முகப்பு அடுக்குக்கு விளக்கே வேண்டாம். அதன் உள்விளிம்பை அடர் பழுப்பாக்கி இருட்டாகவே விடுங்கள்.

பெட்டியை மூடிய ஒரு வாரத்தில் கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிட்டது. துடைத்து மூடினால் மறுபடியும் வருகிறது.
– வாசகர், தேவகோட்டை

படிந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள். காலையில் துளித்துளியாக இருந்து வெயில் ஏறியதும் மறைந்தால் ஈரம். பட்டி பூசிய சுவர், காயாத மரம், ஐப்பசி–கார்த்திகை மழைக்காற்றில் மூடிய பெட்டி, எதுவும் காரணமாக இருக்கலாம். திறந்து மூன்று நாள் உலர்த்தி, 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை முதுகுப் பலகையின் உட்புறம் ஒட்டுங்கள்.

விரலில் பிசுக்காக ஒட்டினால் அது பெயின்டின் ஆவி. எனாமலோ வார்னிஷோ அடித்தால் மேல்தோல் ஒரே நாளில் காய்ந்துவிடும், உள்ளே காய ஒரு வாரமாவது ஆகும். மூக்கை வைத்துப் பார்த்து வாசனை இருந்தால் மூடாதீர்கள்.

பவுடர் தூவியது போல, அதுவும் ஒட்டிய இடத்தின் அருகில் அடர்த்தியாக இருந்தால், நொடியில் ஒட்டும் சொட்டுப் பசைதான் காரணம். அதன் ஆவி மேலே எழும்பி அக்கம்பக்கத்தில் வெள்ளையாக உறையும். பெட்டிக்குள் அந்தப் பசையைக் கொண்டு போகாமல் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் வெளியே ஒட்டி, இரண்டு நாள் காற்றாட வைத்து, பிறகு உள்ளே பொருத்துங்கள். படிந்ததை அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்கலாம், ஆனால் கண்ணாடியில் மட்டும். முகப்பு அக்ரிலிக் தகடாக இருந்தால் அசிட்டோன் பட்ட இடம் வெளுத்து மயிரிழை விரிசல் விடும்.

அப்பத்தா வைத்திருந்த சின்ன ஓலைக் கொட்டான், பித்தளைச் சொப்பு, பித்தளைத் தாயக்கட்டை மூன்றையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டும். எந்தப் பசை நல்லது?
– வாசகி, பள்ளத்தூர்

எந்தப் பசையும் வேண்டாம். ஹாட் குளூவால் ஒட்டினால் சித்திரை வெயிலில், அதுவும் விளக்கு எரியும் பெட்டியில், இளகிச் சொப்பு கீழே இறங்கும். அரால்டைட் ஒட்டினால் இறங்காது, ஆனால் பிறகு எடுக்கவே முடியாது. எடுக்க முடியாதபடி ஒட்டிய பழைய பொருள் பாதி போனதற்குச் சமம்.

முதுகுப் பலகையாக 6 மி.மீ. பிளைவுட் போட்டு, மேலே பருத்தித் துணி இழுத்துக் கட்டுங்கள். தாயக்கட்டைக்கு இரு முனையிலிருந்தும் கால் பங்கு உள்ளே தள்ளி இரண்டு இடத்தில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றி, பலகையில் துளையிட்டுப் பின்னால் முறுக்குங்கள். கம்பி உரசாமல் இருக்க அடியில் ஒரு நூல் சுற்று. சொப்பின் கழுத்துக்கும் இதே முறைதான். அடியில் சிறிய மரத்தாங்கி கொடுத்தால் எடை முழுவதும் கம்பியில் தொங்காது.

கொட்டானுக்குக் கம்பி ஆகாது, ஓலையை அறுத்துவிடும். பின்னலின் இடைவெளி வழியாக மீன்பிடி நரம்பை விட்டு மூன்று இடத்தில் தளர்வாகத் தையுங்கள். பழைய ஓலை காய்ந்து முறுகியிருந்தால், ஈரத்துணி விரித்த மூடிய டப்பாவில், துணியில் படாமல் இரவு முழுக்க வைத்து எடுங்கள். கொஞ்சம் இளகும், நிழலில் அரை நாள் ஆறவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் நாலைந்து தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் வைத்து, அதற்குப் பிறகு துணியால் மட்டும் தொடுங்கள். சந்துகளில் தங்கும் புளிதான் பின்னால் பச்சையாகப் பூக்கும். கண்ணாடி ஓரத்தை அடைக்கக் காடி வாசனை அடிக்கும் சிலிகான் பயன்படுத்தாதீர்கள். காயும்போது அதிலிருந்து கிளம்பும் அமிலமும் அதையேதான் செய்யும்.

பல்லாங்குழிப் பலகை செய்தேன். குழி மூலையில் கொட்டை மாட்டிக்கொள்கிறது, பலகையும் வளைந்துவிட்டது.
– வாசகர், கோட்டையூர்

டிரில்லால் தட்டையான அடியோடு குழி எடுத்திருக்கிறீர்கள். விரல் வழித்துக்கொண்டு போக அடி கிண்ணம் போல இருக்க வேண்டும். குழியின் வாய் 2 அங்குலம், ஆழம் முக்கால் அங்குலம், இரண்டு குழிக்கு நடுவே அரை அங்குலம். ஓரம் முக்கால் அங்குலம் விட்டால் ஏழு குழி வரிசை பதினெட்டரை அங்குலமும், இரண்டு வரிசை அகலம் 6 அங்குலமும் வரும். பலகையின் கனம் ஒன்றேகால் அங்குலம். நடுவை மட்டும் டிரில்லால் அரை அங்குலம் இறக்கி, மீதியை வளைந்த வாய் உளியால் குடையுங்கள். பிறகு ஒரு ரப்பர் பந்தில் உப்புத்தாளைச் சுற்றி 80, 120, 220 என்று வரிசையாகத் தேய்த்தால் அடி தானாக உருண்டு வரும்.

வளைந்ததற்குக் காரணம் இரண்டு. மரம் முழுக்கக் காயவில்லை, அல்லது மேல்பக்கம் மட்டும் பாலிஷ் போட்டு அடியை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். அப்படி விட்டால் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்து விரிய, மேல்பக்கம் விரியாமல் நிற்கும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பூச வேண்டும். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் இரண்டும் காயாது, பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயப்போடுங்கள்.

காய்க்குப் புளியங்கொட்டை போதும். குழிக்கு ஐந்து வைத்து ஆடினால் 70, ஆறு என்றால் 84, பன்னிரண்டு என்றால் 168. தொலைவதற்காகப் பத்து கூடுதலாக வையுங்கள். கழுவி மூன்று நாள் காயவைத்து, நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் வண்டு சாகும். குன்றிமணி பார்க்க அழகுதான், ஆனால் குழந்தை கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாம், கையில் கொடுக்க வேண்டாம்.

ஆடுபுலி ஆட்டம் சுவரில் காட்சியாகவும் தொங்க வேண்டும், இறக்காமல் விளையாடவும் வேண்டும். எப்படி?
– வாசகர், கானாடுகாத்தான்

காந்தம் வைக்க வேண்டும். அதற்கு முன் கோடு. 12 அங்குலச் சதுரத்தில் மேல் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நடுவில் உச்சிப் புள்ளி. அதற்கு 10 அங்குலம் கீழே, 3 அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு புள்ளி. உச்சியிலிருந்து நான்குக்கும் கோடு இழுங்கள். உச்சியிலிருந்து 4, 6, 8 அங்குலத்தில் மூன்று கிடைக்கோடு, ஒவ்வொன்றும் 10 அங்குல நீளம். அவற்றின் முனைகளை இருபுறமும் செங்குத்தாகச் சேர்த்துவிடுங்கள். கீழேயுள்ள நான்கு புள்ளிகளைத் தனிக்கோடு சேர்க்கும். பக்கக் கோட்டை அதுவரை இறக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை, அப்போது இரண்டு இடம் கூடிவிடும். உச்சி 1, மூன்று கோட்டில் ஆறு வீதம் 18, கீழே 4, ஆக 23 இடம். மூன்று புலி, பதினைந்து ஆடு.

முதல் கிடைக்கோட்டை 3 அங்குலத்தில் போட்டால் நடுப் புள்ளிகள் 0.9 அங்குல இடைவெளியில் நெருங்கும், முக்கால் அங்குலக் காயை விரலால் எடுக்க முடியாது. நாலில் போட்டால் 1.2 வரும்.

6 மி.மீ. பிளைவுட்டின் மேல் 0.5 மி.மீ. இரும்புத் தகரம், அதன்மேல் அச்சிட்ட ஸ்டிக்கர். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. தகரத்துக்கு வெள்ளைப் பசை பிடிக்காது, ரப்பர் பசை தடவி இரண்டு நாள் திறந்து வையுங்கள். காயின் அடியில் 6 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனக் காந்தத்தைக் குழியில் இறக்கி, மேலே அரால்டைட் மூடி நிரப்புங்கள். கழன்ற காந்தம் இரண்டைக் குழந்தை விழுங்கினால் குடலின் மடிப்புகளை இடுக்கி ஓட்டை போட்டுவிடும். அதனால் மாதம் ஒருமுறை நகத்தால் நெம்பிப் பாருங்கள். பெட்டிக் கதவு 2 மி.மீ. அக்ரிலிக், பக்கவாட்டில் கீல்.

மாட்டும்போது பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள், பூச்சு பெயர்ந்து வந்துவிடும். சுத்தியல் அதிர்வை நிறுத்தி டிரில் போட்டு, பிளக் செருகித் திருகு முடுக்குங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலம் ரப்பர் கொடுத்தால் கரையான் ஏறுவது வெளியே தெரியும்.

மரத்தில் செய்த தாயக்கட்டையில் தாயமே விழமாட்டேன் என்கிறது.
– வாசகி, புதுவயல்

0, 1, 2, 3 குறித்த இரண்டு கட்டையில் வரக்கூடிய 16 விதத்தில் தாயத்துக்கு, அதாவது கூட்டி ஒன்று வருவதற்கு, இரண்டே இடம்தான். அதனால் கட்டையைக் குறை சொல்லும் முன் ஒவ்வொன்றையும் தனியாக 80 முறை உருட்டி எழுதுங்கள். முகத்துக்கு இருபதை ஒட்டி வர வேண்டும். ஏதாவது ஒன்று முப்பதைத் தாண்டினால் சந்தேகப்படலாம். எதிரெதிர் முகம் இரண்டும் சேர்ந்து அதிகம் விழுந்தால் குறுக்கு வெட்டு சதுரமாக இல்லை. அகலமான முகத்தின் மேல் கட்டை படுக்கிறது, அடுத்த இரண்டு பக்கத்தைத் தேய்த்து அகலத்தைக் குறையுங்கள். ஒரே ஒரு முகம் மட்டும் அதிகம் வந்தால் எடை ஒருபக்கமாக இருக்கிறது. மூன்று குழி தோண்டிய முகம் இலேசாகி மேலே வரப் பார்க்கும். குழியை மெழுகோடு மரத்தூள் கலந்து அடைத்து, புள்ளியைப் பெயின்டால் வைத்து, மறுபடியும் 80 முறை உருட்டுங்கள்.