எண்ணெயை நிறுத்தினால் கொலஸ்ட்ரால் இறங்கிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ. புகைப்பழக்கம் இல்லை, வார இறுதியில் கொஞ்சம் மது உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கின்றன. சமீபத்திய பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 248, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 168, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 210 என்று வந்தது. அப்பாவுக்கு 61 வயதில் மாரடைப்பு வந்தது. மூன்று மாதம் உணவையும் உடற்பயிற்சியையும் கவனியுங்கள், அப்புறம் மாத்திரை பற்றி முடிவு செய்வோம் என்றார் என் மருத்துவர். இரண்டு வாரமாக முட்டையையும் எண்ணெயையும் அடியோடு நிறுத்திவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் பூண்டுத் தண்ணீர் குடிக்கிறேன். மாத்திரை இல்லாமல் சமாளித்துவிடலாமா?

பதில்: உங்கள் மருத்துவர் மூன்று மாதம் கொடுத்தது சரியான முடிவு. நீங்கள் அதைத் தொடங்கிய விதம்தான் சரியில்லை. முட்டை போனது, எண்ணெய் போனது. அந்த இடத்தில் என்ன வந்தது என்று கடிதத்தில் எழுதவில்லை. பெரும்பாலும் வெள்ளைச் சோறோ ரொட்டியோ பிஸ்கட்டோ கூடியிருக்கும், ஏனென்றால் பசி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அப்படி நடந்திருந்தால் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கலாம், ஆனால் ஏற்கெனவே 210 இருக்கும் ட்ரைகிளிசரைடு மேலே ஏறும், 38 இருக்கும் எச்.டி.எல். இன்னும் கீழே போகும். எதை நிறுத்துகிறோம் என்பதைவிட அதற்குப் பதிலாக என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியம். அநேகமாக எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான்.

முட்டையிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு மஞ்சள் கருவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். ஆனால் உடலில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்து ஈடுகட்டிவிடும். அதனால்தான் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-ல் கைவிட்டது. சர்க்கரை நோய் இல்லாத உங்களுக்குத் தினம் ஒரு முட்டையால் பெரிய கெடுதல் இல்லை. அதை வெண்ணெயில் பொரிக்கிறீர்களா, கூடவே பதப்படுத்திய இறைச்சியும் சேர்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

எல்.டி.எல்.லை உண்மையில் ஏற்றிவிடுவது நிறைவுற்ற கொழுப்பு. கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல். ஏற்பிகள் என்று சில உண்டு. ரத்தத்தில் மிதந்து போகும் எல்.டி.எல். துகள்களைக் கைநீட்டிப் பிடித்து உள்ளே இழுப்பவை அவைதான். இதைக் கண்டுபிடித்ததற்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. துகள்கள் ரத்தத்திலேயே அதிக நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், நாளடைவில் தமனிச் சுவருக்குள் புகுந்து படியும்.

கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவர் கொலஸ்ட்ராலைக் குறைக்க நினைத்தால் நிறைவுற்ற கொழுப்பு 13 முதல் 15 கிராமுக்குள் நிற்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 7 கிராம் இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 12 கிராம். அந்த ஒரு கரண்டியிலேயே கிட்டத்தட்ட அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது! பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. சூரியகாந்தி, ஆலிவ், கடுகு வகை எண்ணெய்களில் இது மிகவும் குறைவு. எண்ணெய்ப் பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் அறவே இல்லை’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் பேருக்குக்கூடக் கிடையாது, அதனால் அது ஒரு சிறப்பே அல்ல. பின்பக்க அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்று பாருங்கள்.

ஆகவே எண்ணெயை மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைவுறாத கொழுப்புள்ள எண்ணெயாக, நாளுக்கு மூன்று நான்கு தேக்கரண்டி அளவில் இருந்தால் போதும். வெண்ணெய் இருந்த இடத்தில் இந்த எண்ணெய் வந்தால் எல்.டி.எல். இறங்கும், எச்.டி.எல்.லும் அடிபடாது. வறுத்த கொழுப்பான இறைச்சி, க்ரீம், சீஸ், கேக், பப்ஸ் இவற்றில்தான் கத்தரி போட வேண்டும். பொட்டலத்தில் ‘ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட எண்ணெய்’ என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம். அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கும், இரண்டு பக்கமும் நஷ்டம்.

குறைப்பதைப் பற்றி இவ்வளவு போதும். நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது சேர்த்துக்கொள்ள வேண்டியதை, முக்கியமாகக் கரையும் நார்ச்சத்தை. கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்த அமிலங்களைச் செய்கிறது. கொழுப்பு செரிக்க உதவிய பிறகு அவற்றில் பெரும்பகுதி சிறுகுடலின் கடைசியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். கரையும் நார்ச்சத்து குடலில் கூழ்போல் ஆகி இந்த அமிலங்களைப் பிடித்து வைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். அதற்கு 75 கிராம் ஓட்ஸ் தேவை, அதாவது தளும்பத் தளும்ப ஒரு கிண்ணம். சர்க்கரை சேர்த்த, வாசனையூட்டிய பாக்கெட் ஓட்ஸைச் சொல்லவில்லை. பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய், ஆப்பிள், ஆரஞ்சு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். இறைச்சி இருந்த வேளையில் பருப்போ பயறோ வந்தால் ஒரே மாற்றத்தில் இரண்டு லாபம்.

இசப்கோல் உமியை மலச்சிக்கலுக்கான மருந்தாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். நாளுக்கு 10 கிராம் அளவில் எடுத்தால் அதுவும் எல்.டி.எல்.லை 5 முதல் 10 சதவீதம் குறைக்கும். முழு டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும், வேறு மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். முதல் வாரம் வயிறு உப்பும், அதனால் சிறிய அளவில் தொடங்குங்கள். கூடவே தினம் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், பாதாமோ வால்நட்டோ வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். உப்பும் சர்க்கரையும் பூசாததாக இருக்கட்டும், பிஸ்கட்டுக்குப் பதிலாக இருக்கட்டும்.

இதையெல்லாம் சேர்த்துச் செய்தால் எவ்வளவு இறங்கும்? டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கரையும் நார்ச்சத்து, சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் (குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் தாவரப் பொருள்) நான்கையும் ஒரே உணவுத் திட்டத்தில் சேர்த்து, சாப்பாட்டையும் அவர்களே கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் எல்.டி.எல். 28 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் வகை மாத்திரைகளில் ஆரம்பகாலத்து ஒன்றுக்குச் சமமான பலன் அது. அதே திட்டத்தை மக்களிடம் சொல்லிக்கொடுத்து, நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று விட்டபோது (2011-ல் வெளியான முடிவு) ஆறு மாதத்தில் குறைந்தது 13 சதவீதம் அளவுக்குத்தான். வீடு, வேலை, விருந்து என்று வாழ்கிற மனிதருக்கு இந்த இரண்டாவது எண்தான் பொருந்தும். நீங்கள் ஒழுங்காகச் செய்தால் 168 என்பது 145-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 100-க்குக் கீழே போவது உணவால் மட்டும் உங்களுக்கு அநேகமாக நடக்காது, அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ட்ரைகிளிசரைடு கதை வேறு. அங்கே உணவும் உடற்பயிற்சியும் மாத்திரைக்கு நிகராகவே வேலை செய்யும். உங்கள் 210-க்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை பானங்கள், மாவுப் பண்டங்கள், அப்புறம் அந்த வார இறுதி. மது நேராகக் கல்லீரலுக்குப் போய் ட்ரைகிளிசரைடு உற்பத்தியைத் தூண்டுகிறது. இந்த மூன்று மாதத்துக்காவது முழுதாக நிறுத்திப் பாருங்கள், எண் என்ன ஆகிறது என்று நீங்களே அசந்துபோவீர்கள். பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள். எடையில் 4 கிலோ குறைந்தாலே, அதாவது 5 சதவீதம், ட்ரைகிளிசரைடு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கும். மீன் சாப்பிடுகிறவர் என்றால் வாரம் இரண்டு முறை சாப்பிடுங்கள், பொரிக்காமல்.

உடற்பயிற்சி எல்.டி.எல்.லைப் பெரிதாகக் குறைக்காது. இதைச் சொன்னால் சிலர் நடப்பதையே விட்டுவிடுகிறார்கள்! வேலை செய்யும் தசை ட்ரைகிளிசரைடை எடுத்து எரிக்கிறது, எச்.டி.எல். கொஞ்சம் ஏறுகிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றன. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் வாரம் 150 நிமிட நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. உட்கார்ந்த வேலை என்பதால் மணிக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கும்போது மார்பில் இறுக்கமோ மூச்சு வாங்குவதோ புதிதாக வந்தால் அங்கேயே நின்றுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பூண்டுத் தண்ணீரால் எல்.டி.எல். இறங்காது. பச்சைப் பூண்டையும் இரண்டு வகைப் பூண்டு மாத்திரைகளையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. மூன்றிலும் எல்.டி.எல்.லில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. சமையலில் தாராளமாகச் சேருங்கள், வெறும் வயிற்றை எரிய விட வேண்டாம். ‘இயற்கையானது’ என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையையும் யாராவது சிபாரிசு செய்யலாம். அதில் இருக்கும் மொனாகோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டேடின் என்ற மருந்தும் ஒன்றேதான், அளவு மட்டும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஸ்டேடின் வேண்டாம் என்று அளவு தெரியாத ஸ்டேடினை விழுங்குவதில் என்ன லாபம்? இன்னொன்று, காபி. காகித வடிகட்டி இல்லாமல் கொதிக்கவைத்தோ அழுத்தியோ எடுக்கும் காபியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இறங்குகிறது, அது எல்.டி.எல்.லை ஏற்றும். ஒரு நாளைக்கு நான்கைந்து கோப்பை அப்படிக் குடிப்பவர் என்றால் காகிதத்தில் வடிகட்டியதற்கு மாறுங்கள்.

இனி மாத்திரை. மூன்று மாதம் கழித்து எண் என்ன என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த பத்தாண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். அப்பாவுக்கு வந்தது 61 வயதில். ஆண்களுக்கு 55-க்கு முன்னால் வந்தால்தான் இளவயது மாரடைப்பு என்று தனி எடை கொடுப்போம், ஆகவே இது உங்களுக்குப் பெரிய பாதகமில்லை. உங்கள் எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்திருந்தால் நான் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன். அது பரம்பரை வகையாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த வகை ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு, உணவால் மட்டும் அதைச் சமாளிக்க முடியாது.

கடைசியில் ஸ்டேடின் தேவைப்பட்டாலும் இந்த மூன்று மாத உழைப்பு வீணாகாது. ஸ்டேடினின் அளவை இருமடங்காக்கினால் எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது 6 சதவீதம் அளவுதான். உணவால் நீங்கள் குறைக்கும் 13 சதவீதம் என்பது இரண்டு முறை அளவை ஏற்றுவதற்குச் சமம். சின்ன மாத்திரையோடு நின்றுவிடலாம். மாத்திரை வந்துவிட்டது, இனி எதையும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள்தான் இந்தக் கணக்கில் தோற்கிறார்கள்.

அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் முடியும்போது அதே ஆய்வகத்தில் செய்யுங்கள். ட்ரைகிளிசரைடு அதிகம் என்பதால் உங்களுக்கு 10 முதல் 12 மணி நேர வெறும் வயிறு நல்லது. காய்ச்சல் வந்து போன உடனே செய்ய வேண்டாம், கொலஸ்ட்ரால் தற்காலிகமாகக் குறைந்து காட்டும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் மூன்று மாதம் காத்திருக்காமல் இந்த வாரமே செய்துவிடுங்கள், ஏனென்றால் தைராய்டு குறைந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்த உணவும் முழுப் பலன் தராது. ஸ்டீராய்டு உட்பட வேறு ஏதாவது மாத்திரை தொடர்ந்து எடுக்கிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன்-ஏ என்ற, எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளுக்கான பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்துகொள்ளலாமா என்றும் கேளுங்கள். அதன் அளவு பிறப்பிலேயே அமைவது, உணவால் பெரிதாக மாறாது, ஆனால் மாத்திரை தேவையா என்று ஊசலாடும்போது முடிவெடுக்க உதவும்.