ஆன்லைன் மனநலப் பயிற்சியை ஆட்கள் பாதியில் விடாமலிருக்கப் பரிசு கொடுத்தால் பலன் இருக்குமா?

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், இப்படிப்பட்ட பயிற்சி ஒன்றை நடத்தும் குழுவில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆட்கள் சேர்கிறார்கள், முதல் இரண்டு பாடத்தோடு காணாமல் போய்விடுகிறார்கள். புள்ளி, பேட்ஜ், பரிசுக் கூப்பன் என்று ஏதாவது கொடுத்தால் தங்குவார்களா என்பது உங்கள் கேள்வி. தங்குவார்கள், கொஞ்ச காலம். ஆனால் எதைச் செய்ததற்குப் பரிசு என்று யோசிக்காமல் கொடுத்தால், யாருக்கு இந்தப் பயிற்சி மிகவும் தேவையோ அவரைத்தான் முதலில் வெளியே தள்ளுவீர்கள். நான் மருத்துவரும் இல்லை, உளவியல் படித்த ஆளும் இல்லை. மனச்சோர்வோடு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

விட்டுப்போவது உங்கள் பயிற்சிக்கு மட்டும் நடப்பதில்லை. 2019-இல் ஆய்வாளர் அமித் பௌமெல் குழுவினர் 93 மனநலச் செயலிகளை மக்கள் நிஜத்தில் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். பதினைந்தாம் நாளும் திறந்தவர்கள் நடுமதிப்பாக 3.9 சதவீதம், முப்பதாம் நாள் 3.3 சதவீதம். ஆகவே ஆட்கள் போகிறார்களே என்று பதறிப்போய் அவசரத்தில் எதையாவது ஒட்டவைக்காதீர்கள்.

இப்போது என் விஷயம். மருந்தோடு சேர்த்து ஒரு ஆன்லைன் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) பயிற்சியும் செய்யச் சொன்னார் என் மருத்துவர். அலுவலக நலத் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைத்தது. வாரம் ஒரு பாடம். தினமும் மனநிலையைப் பதிய வேண்டும், அதற்குச் சிரிப்பிலிருந்து அழுகை வரை வரிசையாக முகங்கள். எதைச் செய்தாலும் புள்ளி. விடாமல் வந்த நாட்களுக்கு ஸ்ட்ரீக் என்று ஒரு தீச்சுடர், நாளுக்கு நாள் பெரிதாகும். குறிப்பிட்ட புள்ளி சேர்ந்தால் கூப்பன். ஆரம்பத்தில் அது உதவியது என்பதை மறைக்க மாட்டேன். எழுந்திருக்கவே காரணம் தெரியாத காலையில், அந்தச் சுடருக்காகவாவது போனைக் கையில் எடுத்தேன்.

அப்புறம் ஒரு மோசமான வாரம் வந்தது. மனச்சோர்வு தெரிந்தவர்களுக்கு அந்த வாரம் எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. திரும்பத் திறந்தபோது சுடர் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பூஜ்யம், "உங்கள் தொடர் முறிந்துவிட்டது, மீண்டும் தொடங்குங்கள்" என்று ஒரு வரி. நலமாக இருக்கும் ஆள் இதைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். என் மனமோ 'உன்னால் எதையும் முடிக்க முடியாது' என்று அல்லும் பகலும் ஓதிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்குச் செயலியே சாட்சி சொன்ன மாதிரி இருந்தது.

இதில் எனக்கு இன்னும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. அதே பயிற்சியின் பாடங்களில் ஒன்று, சிந்தனைத் திரிபுகளைப் பற்றியது. 'முழுதாகச் செய்தால்தான் செய்தது, இல்லாவிட்டால் எல்லாமே வீண்' என்று எண்ணுவது அவற்றில் முக்கியமான ஒன்று என்று நல்ல உதாரணங்களோடு சொல்லியிருந்தார்கள். ஸ்ட்ரீக் என்பது அச்சாக அந்தத் திரிபுதானே? ஒரு நாள் தவறினால் அதுவரை வந்த நாட்களும் கணக்கில் இல்லை. பாடம் ஒன்றைக் கற்பிக்கிறது, திரை அதற்கு நேர் எதிரானதைத் தினமும் பழக்குகிறது. பாடம் எழுதியவரும் திரையை வடிவமைத்தவரும் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

என்னைத் திரும்ப வரவைத்தது கூப்பன் இல்லை. அந்தப் பயிற்சியில் வழிகாட்டி ஒருவர் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை நாம் எழுதியதைப் படித்துப் பதில் போடுவார். அவர் எழுதினார்: "கொஞ்ச நாளாக உங்களைக் காணவில்லை. பாடம் எதுவும் முடிக்க வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்." எழுதினேன். டேவிட் மோர், பிம் கைபர்ஸ், கென்னத் லேமன் மூவரும் 2011-இல் எழுதிய கட்டுரை ஒன்றை வெகுநாள் கழித்துப் படித்தேன். நம்பிக்கைக்குரிய, நம் நலனில் அக்கறையுள்ள ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற உணர்வே ஆட்களை இணையச் சிகிச்சையில் தொடரவைக்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு நடந்தது அப்படியே அதில் இருந்தது.

'அப்படியானால் பரிசே கூடாது என்கிறாயா' என்று சிலர் கேட்பார்கள். இல்லை. பரிசு உள்ளார்வத்தைக் கொன்றுவிடும் என்று சொல்பவர்கள் வழக்கமாக 1973-இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் சின்னக் குழந்தைகளிடம் செய்த சோதனையைக் காட்டுவார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னால் வரைவதில் ஆர்வம் குறைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அருமையான சோதனைதான். ஆனால் அவர்கள் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகள். தன் இருண்ட எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதுவதை ஆசையாகச் செய்பவர் யார்? இல்லாத ஆர்வத்தைப் பரிசு எப்படிக் கொல்லும்?

போதைப் பழக்கச் சிகிச்சையில் பரிசு நன்றாகவே வேலை செய்கிறது. அமெரிக்காவில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கொக்கைன் பழக்கம் உள்ளவர்களுக்கு வவுச்சர் கொடுத்துப் பார்த்தார். 1994-இல் வெளியான அவரது ஆய்வில், வவுச்சர் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள், பெறாதவர்களில் 40 சதவீதம். நான்சி பெட்ரி அதையே குறைந்த செலவில், கிண்ணத்திலிருந்து சீட்டெடுக்கும் முறையாக மாற்றினார். ஆனால் அங்கே பரிசு தொங்குவது, போதைப்பொருள் எடுக்கவில்லை என்று காட்டும் சிறுநீர்ப் பரிசோதனையில். அதில் நடிக்க முடியாது. மனநிலைப் பதிவுக்கு அப்படி எந்தப் பரிசோதனை இருக்கிறது? சுடர் அணையக் கூடாது என்று, தூங்கப் போகும் முன் ஏதோ ஒரு முகத்தைத் தட்டிவிட்டுப் படுத்த இரவுகள் எனக்கு உண்டு. எதற்குப் பரிசோ அதைத்தான் மனிதர் செய்வார். அந்தப் பதிவுகளைக் கோடாக வரைந்து 'உங்கள் முன்னேற்றம்' என்று எனக்கே காட்டினார்கள். ஒரு மருத்துவர் அதை நம்பி மருந்தின் அளவைக் குறைத்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. எதிலும் இன்பம் தோன்றாமல் போவது மனச்சோர்வின் மைய அறிகுறிகளில் ஒன்று. வெகுமதிக்கு மனம் அசையாமல் போன ஆளிடம் வெகுமதியை நீட்டுகிறோம் என்பதையாவது நினைவில் வையுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின்னால் தியானத்துக்கு என்று வேறொரு செயலியில் சேர்ந்தேன். சேர ஒரே தட்டு. சந்தாவை நிறுத்தப் போனால் திரைக்கு மேல் திரை, 'நிச்சயமாகவா', 'உங்கள் அமைதியை இழக்கப் போகிறீர்களே' என்று கேள்விகள், கடைசியில் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறது. ஒரு மின்னஞ்சல் எழுதுவதே மலையாகத் தெரியும் நிலையில் இருப்பவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். அது தெரிந்தே அந்த வழியை அப்படி அமைத்திருக்கிறார்கள் என்றால் அது திருட்டு. உங்கள் பயிற்சியில் தயவுசெய்து வெளியே போகும் கதவைத் திறந்தே வையுங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஸ்ட்ரீக்கை எடுத்துவிடுங்கள். அதுவரை வந்த மொத்த நாட்களைக் காட்டுங்கள், அந்த எண் ஒருபோதும் குறையக் கூடாது. நீண்ட இடைவெளிக்குப் பின் ஒருவர் திரும்பி வருகிறாரே, பரிசு கொடுக்க உகந்த தருணம் அதுதான். ஏனென்றால் அதுதான் அவர் செய்ததிலேயே கடினமான காரியம். முன்கூட்டி அறிவிக்காமல் கொடுங்கள். மனச்சோர்வு எவ்வளவு என்று மதிப்பெண்ணால் அளக்கும் பிஎச்கியூ-9 போன்ற கேள்வித்தாளுக்குப் பரிசு தருவதானால் நிரப்பியதற்குத் தாருங்கள். மதிப்பெண் குறைந்ததற்குத் தந்தால் அடுத்த முறை எல்லாருக்கும் குறையும். யார் எவ்வளவு புள்ளி வாங்கினார்கள் என்ற பட்டியல் எந்த வடிவிலும் அலுவலகத்துக்குப் போகக் கூடாது, பெயர் நீக்கிய பட்டியலாக இருந்தாலும் சரி. சிறிய குழுவில் யார் என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகாது.

கூப்பனுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது கட்டுப்படியாகாது என்று உங்கள் நிர்வாகம் சொல்லும், எனக்கும் தெரியும். எல்லாருக்கும் வேண்டாம். திடீரென்று வருவதை நிறுத்தியவர்களுக்கு மட்டும் மனிதர் ஒருவர் ஒரு வரி எழுதட்டும். தானியங்கிச் செய்தியை அவர் பெயரில் அனுப்பாதீர்கள், படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு வரியிலேயே ஏன் நிறுத்தினீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். போனவர்களில் சிலர் தேவையானதை எடுத்துக்கொண்டு நலமாகப் போனவர்களாக இருப்பார்கள், அவர்களை இழப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.