ஆட்ட முறையை மாற்றினால் நான்-லீக் கழகம் வெல்லத் தொடங்குமா?

“எங்கள் நான்-லீக் கழகம் ஆறு ஆட்டங்களாக வெல்லவில்லை. பந்தைத் தூக்கி அடிப்பதை விட்டுவிட்டு, பின்களத்திலிருந்தே தரையில் கடத்தி ஆடினால் நிலை மாறாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். 2023ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நானும் இதையே கேட்டேன். மைதானத்தில் நின்று உரக்கக் கத்தியும் கேட்டேன். இந்தப் பதிலை எழுத வைத்தது அந்த நினைவுதான்.

நான் தென் லண்டனிலுள்ள சட்டன் யுனைட்டெட்டின் இரசிகன். யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்து, வேலைக்காகச் சட்டனில் குடியேறிய எனக்கு, கேண்டர் கிறீன் லேன் மைதானம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. இங்கிலாந்தின் மேல் நான்கு தட்டுகளில் ஆடும் 92 கழகங்களுக்குக் கீழே உள்ளவற்றை நான்-லீக் என்பார்கள். 1898இல் தொடங்கிய எங்கள் கழகம் அந்த 92க்குள் ஒருமுறைகூட நுழையாமலே 123 ஆண்டுகளைக் கழித்தது. 1989இல், அப்போது முதல் தட்டில் இருந்த கொவென்ட்ரி சிற்றியை, மேல் தட்டுக் கழகங்களும் கீழ்த் தட்டுக் கழகங்களும் மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தில் 2-1 என்று வென்றதைப் பழைய இரசிகர்கள் இன்றும் சொல்லிக் கொண்டிருப்பார்கள். 2017இல் அதே கிண்ணத்தில் லீட்ஸை வென்று, அடுத்த சுற்றில் அர்செனலை எங்கள் மைதானத்துக்கே வரவழைத்தோம். 2021இல் ஐந்தாம் தட்டான நெஷனல் லீக்கில் முதலிடம் பெற்று, முதன்முறையாக நான்காம் தட்டான லீக் டூவுக்கு ஏறினோம்.

அப்படி ஏறிய அணி எப்படி ஆடியது என்பதே உங்கள் கேள்விக்குத் தேவையானது. பயிற்றுநர் மற் கிறேயின் அணி 4-4-2 முறையில் ஆடியது: பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர். பந்து நேராக முன்கள வீரரின் தலையை நோக்கிப் போகும். அவர் அதை முழுமையாக வெல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. எதிரணியின் பின்கள வீரரை நிம்மதியாக வெல்ல விடாமல் தடுத்தால் போதும். அங்கிருந்து தெறித்து விழும் பந்துக்கு நடுவில் நிற்கும் எங்கள் நடுக்கள வீரர்கள் இருவரும் முன்கூட்டியே ஓடத் தொடங்கியிருப்பார்கள். கோர்னரும் பெனால்டிப் பகுதிக்குள் எறியும் நீண்ட த்ரோ-இன்னும் எங்களுக்குப் பாதி கோலுக்குச் சமமாக இருந்தன. இதை அறிவற்ற ஆட்டம் என்று சொல்பவர்கள், அந்த இரண்டு நடுக்கள வீரர்கள் பந்து வருவதற்கு முன்பே எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒருநாளாவது கவனித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த முறையில் ஆடித்தான் லீக் டூவின் முதல் பருவத்திலேயே எட்டாம் இடம் பெற்றோம், மூன்றாம், நான்காம் தட்டுக் கழகங்கள் ஆடும் ஈ.எஃப்.எல். டிராஃபியின் இறுதியாட்டத்துக்காக வெம்ப்ளிக்கும் போனோம்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2015 முதல் எங்கள் மைதானத்தில் செயற்கைப் புல்தரை இருந்தது. நெஷனல் லீக் அதை அனுமதிக்கிறது. அதற்கு மேலே உள்ள லீக் அனுமதிப்பதில்லை. வென்று ஏறிய கோடையிலேயே, வென்ற தரையைப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு முந்திய ஆண்டு ஏறிய ஹறகேற் ரவுனுக்கும் இதே நிலைதான். அர்செனல் வந்து ஆடிய தரை லீக் டூவுக்கு ஆகாது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு: மாரி காலத்தில் சேறாகும் இயற்கைப் புல்லில் பின்களத்திலிருந்து குறுகிய பந்துகளைக் கடத்துவது, சமதரையில் கடத்துவதைப் போன்றதல்ல.

இனி என் கதை. 2023 ஓகஸ்ட், பருவத்தின் முதல் ஆட்டம். தரையில் பந்தைக் கடத்தி ஆடியே முந்திய பருவத்தில் நெஷனல் லீக்கில் 107 புள்ளிகள் எடுத்த நொட்ஸ் கவுண்டியை 5-1 என்று வீழ்த்தினோம். அந்த மாலையில், எந்தப் பாணியையும் எங்கள் முறை வெல்லும் என்று நினைத்தேன். பிறகு தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. ஒக்டோபருக்குள், “தூக்கி அடிப்பதே நோய்” என்று கோலுக்குப் பின்னால் நின்ற எங்களில் பலர் முடிவு கட்டிவிட்டோம்.

அப்போது ஒரு சனிக்கிழமை, எங்கள் பின்கள வீரர் ஒருவர் பந்தைத் தூக்கி அடிக்கக் காலை ஓங்கிய போதெல்லாம் நாங்கள் கூச்சலிட்டோம். நானும்தான். இரண்டாம் பாதியில் அவர் அடிக்கப் போய், எங்கள் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு, அடிக்காமல் கோல் காப்பாளருக்குக் குறுகிய பந்தொன்றைத் தட்டினார். ஈரப் புல்லில் பந்து பாதி வழியில் நின்றது. எதிரணி வீரர் ஓடி வந்து கோலாக்கினார். என் அருகில் எப்போதும் நிற்கும், கொவென்ட்ரி ஆட்டத்தை நேரில் கண்ட முதியவர் என்னிடம், “அவர் பழகாத ஒன்றை நாம்தான் செய்ய வைத்தோம்” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்த டிசம்பரில் கிறே நீக்கப்பட்டார். பருவத்தின் முடிவில் நாங்கள் நெஷனல் லீக்குக்கு இறங்கினோம். நொட்ஸ் கவுண்டி லீக் டூவிலேயே நிலைத்தது. ஆகவே தரையில் ஆடுவதே சரி என்று சிலர் எழுதுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: அந்த முறை தவறென்று நான் சொல்லவே இல்லை. அழுத்தம் வரும்போது பந்தை நிறுத்தி ஆடத் தெரிந்த கோல் காப்பாளர், அதற்கேற்ற பின்கள வீரர்கள், நாள்தோறும் பயிற்சி ஆகிய மூன்றும் இருந்தால் தாராளமாக ஆடலாம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, கிழமைக்கு இரண்டு மாலை மட்டும் பயிற்சிக்கு வரும் நான்-லீக் வீரர்களிடம் அதை ஒக்டோபரில் கேட்பது நியாயமல்ல. எங்களை வீழ்த்தியது பாணியல்ல. தெறிக்கும் பந்தை எடுக்க ஓடிய கால்கள் தளர்ந்து, அவ்விடத்துக்குப் புதிய கால்கள் வராததே காரணம் என்பது என் கருத்து.

உங்கள் அணி எந்தத் தட்டில் ஆடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆயினும், அடுத்த ஆட்டத்தில் முன்கள வீரரையும் அவர் தலையையும் பார்க்க வேண்டாம். தலையிலிருந்து தெறித்து விழும் பந்துகளில் எத்தனை உங்கள் அணியிடம் சேர்கின்றன என்று மட்டும் எண்ணுங்கள். பாதிக்கும் குறைவென்றால், ஒரு நல்ல நடுக்கள வீரரைத் தேடும்படி கழகத்துக்கு எழுதுங்கள். அதுவரை உங்கள் பின்கள வீரரைக் கூச்சலிட்டுக் குழப்பாதீர்கள்.